வலப்பக்கத்து நிபந்தனை

இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்க்க லாஜிக்கல் ஆபரேட்டர்கள் பயன்படுகின்றன என்று இந்தப் பேப்பரிலும் எழுதியிருந்தது. முந்தின பேப்பரிலும் இதே வரிதான், அதற்கு முந்தினதிலும் இதேதான். ஒரே காலேஜ் கட்டு, ஒரே வாத்தியாரின் நோட்ஸ். ஆபரேட்டர் என்கிற ஆங்கிலச் சொல்லில் எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்த விட்டுப்போன எழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தை சுகிர்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்புப் பேனா கையில் இருந்தது, கை நகரவில்லை. சாப்பிட்டு வந்து உட்கார்ந்த நேரம். திருநெல்வேலிக்கு வெளியே, பரீட்சைப் பேப்பர் திருத்துவதற்கென்று பிடித்திருந்த அந்தப் பெரிய ஹாலில் நீள மேசைகளுக்கு மேலே காத்தாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் காற்று வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. யாரோ டப்பாவைச் சரியாக மூடாததில் புளிச்சாத வாசனை வேறு. கேள்வி இதுதான்: லாஜிக்கல் ஆபரேட்டர்களை எடுத்துக்காட்டுடன் விளக்குக, ஐந்து மதிப்பெண். && போட்டால் இரண்டு பக்கமும் மெய்யாக இருந்தால்தான் மொத்தமும் மெய். || போட்டால் ஏதாவது ஒரு பக்கம் மெய்யாக இருந்தால் போதும். ! போட்டால் மெய் பொய்யாகும், பொய் மெய்யாகும். அவ்வளவுதான் பாடம். சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் இதைவிட லேசான பாடம் கிடையாது, வகுப்பு தொடங்கிக் கரும்பலகை அழிக்கிற துணியைத் தேடி எடுப்பதற்குள் முடிந்துவிடும். இதை எத்தனையோ வருஷமாக முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எச்சில் வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கௌரவ விரிவுரையாளர் என்கிற பெயரில். கௌரவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருநாள் வீட்டில் கேட்டதற்கு, பெயரிலாவது இருக்குல்லா என்று சாலமோன் சொன்னார். அவள் புருஷன் அப்படித்தான், சிரிக்காமல் சொல்வார். மூன்றரை போட்டாள். மெய்-பொய் அட்டவணையில் ஒரு கட்டம் தப்பு. பக்கத்தைப் புரட்டினாள். முன்னால் சீஃப் எக்ஸாமினர் சங்கரபாண்டியன் சாரின் மேசைக்குக் கீழே ஒரு மரப்பெட்டியில் எல்லாருடைய செல்போனும் அணைத்து, பெயர் எழுதின கவருக்குள் கிடந்தது. அதில் அவளுடையதும். கட்டும் முடிந்திருக்க வேண்டும், டீயும் வந்திருக்க வேண்டும், அப்போதுதான் போன் கைக்கு வரும். மதுரையிலிருந்து வருகிற பஸ் இந்நேரம் சாத்தூர் தாண்டியிருக்கும். அதில் ஜன்னலோரமாக அவள் தம்பி பென்னட் உட்கார்ந்திருப்பான், அவள் போனை எதிர்பார்த்து.

காலையில் இங்கே வந்து கேட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டான். புது நம்பர். யார் என்று கேட்க வாய் எடுப்பதற்குள், ‘யக்கா, நான்தான்’ என்றான். தம்பி குரல் இப்படித் தெளிவாக இருந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் அவளுக்கு ஒரு கணம் அப்பா குரல் மாதிரி இருந்தது. ‘அடுத்த வாரம்தான் விடுவாங்கன்னு நெனச்சேன். இன்னைக்கே போகலாம்னு பாதர் சொல்லிட்டாரு. மத்தியானம் பஸ் ஏறுதேன். நேரா வீட்டுக்கு வரவா?’ பின்னால் யாரோ ஜெபம் சொல்கிற சத்தம், சென்டரில் காலை ஜெபமாக இருக்கும். குடியை மறக்கடிக்கிற சென்டர் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, பென்னட் மதுரைப் பக்கம் இருக்கான் என்றுதான் சொல்வாள், அது பொய்யும் இல்லை. ‘நான் போன் பண்ணுதேன்’ என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘பண்ணாம வந்துராத’ என்றும் சொன்னாள். ‘சரிக்கா, பஸ் ஸ்டாண்டுலயே நிக்கேன்’ என்றான். அதற்குள் வாசல்காரர், போனை ஆஃப் பண்ணுங்க மேடம் என்று கவரை நீட்டினார், அவளும் அணைத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு நிமிஷம் சார் என்று கேட்டிருந்தால் தந்திருப்பார். கேட்கவில்லை. போனைக் கொடுத்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்ததே, அது என்ன? தம்பி வெளியே வந்துவிட்டான், அக்காளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்க வேண்டாமா? சாயங்காலம் வரைக்கும் யாரும் தன்னைப் பதில் கேட்க முடியாது என்கிற நிம்மதி அல்லவா வந்தது. அவனை எண்ணிச் சந்தோஷப்பட அவளுக்கு ஆசைதான். ஆனால் சந்தோஷத்துக்கு முன்னாலேயே சாலமோனின் முகம் வந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கறிக்குழம்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் சொல்லிவிட்டார். ‘வேலை ஒண்ணு இருக்கணும். குடி இருக்கக்கூடாது. ரெண்டும் சேந்து இருந்தா வரட்டும், நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லன்னா வேண்டாம்.’ சத்தம் போடவில்லை. அவர் பேட்டரிக் கடையில் வாடிக்கையாளரிடம் இந்த பேட்டரி இனி தாங்காது என்று சொல்கிற அதே குரல். ‘வேலை ஒடனே எப்படிங்க கெடைக்கும்?’ என்றாள். ‘கெடச்ச பெறவு வரட்டும்.’ ‘அதுவரைக்கும் எங்க இருப்பான்?’ அவர் எலும்பைத் தட்டி ஓரமாக வைத்தார். மகள் ஷைனி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய இடது புருவத்துக்குக் குறுக்கே அந்தத் தழும்பு. முடி அந்த இடத்தில் முளைக்கவே இல்லை.

தங்க இடம் இருந்தால் வேலை தேடலாம், வேலை இருந்தால்தான் தங்க இடம். ஒன்றுக்கு ஒன்று காத்துக்கொண்டு நின்றால் எது முதலில் நகரும்? இப்படி ஒரு புரோகிராமை ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால், ஏம்மா, இது எப்பவும் உள்ளயே போகாதே என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். சாலமோனிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவும் போன பிறகு பென்னட்டுக்கு என்று இருக்கிற வாசல் இவளுடையது ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார், அதனால்தான் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அடுத்த பேப்பர். இந்தப் பிள்ளை ஓட்டுப் போடுகிற எடுத்துக்காட்டு எழுதியிருந்தது, வயது பதினெட்டுக்கு மேல் && பட்டியலில் பெயர் இருக்கிறது. நல்லது, நான்கு. அடுத்ததில் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும், அதற்கடுத்ததிலும் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும். ஒருத்தன் இரட்டை && வர வேண்டிய இடத்தில் ஒற்றை & போட்டிருந்தான், அது வேறு ஆபரேட்டர், பிட்டுப் பிட்டாகப் பிரித்துப் பார்ப்பது; சில நேரம் தற்செயலாகச் சரியான விடையும் வந்து தொலைக்கும், அதனால் பையன்கள் திருந்தவே மாட்டார்கள். அரை குறைக்கலாமா என்று யோசித்து, குறைத்து, பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கால்களைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்தாள். வீங்கியிருந்தன. குளிர்ந்த சிமெண்ட் தரையில் பாதத்தை வைத்ததும் உச்சந்தலை வரை ஒரு சுகம் ஏறியது, அப்படியே மேசையில் கவிழ்ந்து படுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யாராவது எழுப்பி, எல்லாம் முடிஞ்சிட்டு, உன் தம்பிக்கு வேலை கிடைச்சிட்டு, உன் வீட்டுக்காரர் சம்மதிச்சிட்டார் என்று சொன்னால் எப்படி இருக்கும். அடுத்த பேப்பரில், காய்ச்சல் || மழை என்றால் ஸ்கூலுக்கு லீவு என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், மழை என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குடை வரைந்து, பிறகு பயந்து அடித்திருந்தாள். சுகிர்தா சிரித்தாள். முழுதாக ஐந்து போட்டாள். போட்டபிறகும் அந்தச் சொல் கண்ணை விட்டுப் போகவில்லை. மழை.

ஷைனிக்கு அடிபட்ட அன்றைக்கு ஐப்பசி மழை. அவளுக்குக் காலேஜில் பிராக்டிகல் பரீட்சை, நகர முடியாது. சாலமோன் கடைச் சாமான் வாங்க சங்கரன்கோவில் போயிருந்தார். பென்னட் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தான், குடிப்பான், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு. பகலில் ஒழுங்காக இருப்பான், மாடியில் துணி காயப்போடுவான், ஷைனிக்குக் கணக்குச் சொல்லித் தருவான். அவள்தான் அவனுக்குப் போன் பண்ணி, ஸ்கூல்ல இருந்து பாப்பாவைக் கூட்டிட்டு வந்துரு, மழை பெலமா இருக்கு என்றாள். அத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஒரு கட்டடம் கட்டுகிற இடத்தில் ரோட்டில் மணல் வழிந்து கிடந்ததாம். வண்டி சறுக்கியது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது ஷைனியை உள்ளே தையல் போடக் கொண்டுபோயிருந்தார்கள், இவன் வாசலில் நனைந்துபோய் நின்றான், முழங்கை சதை கிழிந்து தொங்கியது, அதை யாரும் பார்க்கவில்லை. ‘குடிக்கலக்கா. சத்தியமாக் குடிக்கல’ என்றான். அவள் காதில் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டாள். சாலமோன் வந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவன் தோளில் கையை வைத்து, ‘நீ போயிரு’ என்றார், அவ்வளவு மெதுவாக. போய்விட்டான். அதற்கப்புறம் தூத்துக்குடியில் ஒரு லாரி செட்டில் கிடந்தான், பிறகு எங்கே என்றே தெரியவில்லை, கடைசியில் பாதர் ஒருத்தர் போன் பண்ணி, உங்க தம்பி எங்ககிட்ட இருக்கான் என்றார். அந்த மழையை நினைத்தாலே அவளுக்கு வாயில் இரும்பு ருசி வரும், தையல் போட்ட அறையிலிருந்து வந்த டிங்சர் நெடி வரும். இப்போதும் வந்தது. தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். பக்கத்தில் ஹாஜிரா தன் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். மேலப்பாளையத்துப் பெண்கள் கல்லூரி, போன வருஷமும் இதே மேசையில் பக்கத்தில் உட்கார்ந்தவள், எந்தக் கட்டிலும் சிரிக்க ஒரு பேப்பர் கண்டுபிடித்துவிடுவாள். ‘இதப் பாரு சுகி. ! என்றால் ஆச்சரியக்குறி, புரோகிராமருக்கு ஆச்சரியம் வரும்போது போடுவது. எழுதியிருக்கா பாரு.’ சுகிர்தா சிரித்தாள். ‘என்னடி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?’ ‘தூக்கம்.’ ‘பொய் சொல்லாத.’ ‘தூக்கம்தான்டி.’ ஹாஜிரா ஒரு நொடி பார்த்துவிட்டுத் தன் கட்டுக்குத் திரும்பிக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்தப் பேப்பரில் மைனஸ் ஒன்று பொய் என்று எழுதியிருந்தான். தப்பு. சி மொழியில் பூஜ்யம் ஒன்றுதான் பொய். மைனஸ் ஒன்றோ நூறோ, பூஜ்யம் இல்லாத எதுவும் மெய்தான். கொஞ்சம் மெய், ரொம்ப மெய் என்றெல்லாம் அதற்குக் கிடையாது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின் பெஞ்சில் ஒரு பையன், அப்ப ஒரு மார்க் வாங்குனாலும் பாஸா மேடம் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தான். சாலமோனும் அந்தக் கணக்குத்தான். ஒரு மடக்குன்னாலும் குடிதான் என்பார். அதில் தப்பும் சொல்ல முடியாது, முன்னால் ரெண்டு தரம் விட்டுவிட்டேன் என்று வந்தவன்தான், ரெண்டு தரமும் ஒரு மடக்கில்தான் ஆரம்பித்தது. இந்நேரம் ஊரை நெருங்கியிருப்பான், கையில் ஒரு பை. பஸ் கோவில்பட்டியில் நின்றிருக்கும், கயத்தாறில் நின்றிருக்கும், நின்ற இடத்திலெல்லாம் பக்கத்தில் மதுக்கடை இருந்திருக்கும். வந்து இறங்கிய பிறகு பஸ் ஸ்டாண்டில் நிற்பான், போனை எடுத்து எடுத்துப் பார்ப்பான். அக்கா கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் ஒருத்தன் நிற்பான்? எழுந்து ஒரு டீ குடிப்பான், உட்காருவான். பிறகு எழுந்து சும்மா நடப்பான். சும்மா நடக்கிறவன் கால் எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டு என்ன சொல்வது? வா என்றா? வராதே என்றா? சாலமோனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றா? அவர்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே. வீடு அவர் மட்டும் கட்டினதில்லை, அவள் நகையும் அதில் இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டுகிற ஆளாக ஆகிவிடக் கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரு வைராக்கியம். வைராக்கியத்தை வைத்து என்ன செய்ய, களைப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் நடுவில் நின்று நின்று, அந்தப் பக்கம் இவருக்குச் சமாதானம், இந்தப் பக்கம் அவனுக்குச் சமாதானம், காலேஜில் ஹெச்.ஓ.டி.க்குச் சமாதானம். ஒருநாளாவது யாராவது வந்து அவளுக்கு ஒரு சமாதானம் சொன்னால் என்ன குறைந்துபோய்விடும்? மூன்று. மூன்று போதும். அடுத்த பேப்பர்.

அடுத்த பேப்பரின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. இந்தக் கட்டில் முதன்முறையாக அந்த நோட்ஸ் வரி இல்லை. பிழையான ஆங்கிலம், ஆனால் தானாக யோசித்து எழுதியிருந்தது. || இருக்கும்போது கம்ப்யூட்டர் முதலில் இடப்பக்கத்தைப் பார்க்கும், இடப்பக்கம் மெய் என்று தெரிந்துவிட்டால் வலப்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காது, ஏனென்றால் அதற்கு அவசியம் இல்லை, வலப்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது நடக்காது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, வலப்பக்கம் ஒரு எண்ணைக் கூட்டச் சொல்லி, கூடாமல் பழைய எண்ணே அச்சாவதைச் சரியாகக் காட்டியிருந்தான். அவள் இதை ஒவ்வொரு வருஷமும் சொல்லித் தருகிறாள். ஒவ்வொரு வருஷமும் வகுப்பே தப்பாக விடை சொல்லும், அவள் சிரித்துக்கொண்டே, பாக்காத பக்கம் எப்படி நடக்கும் என்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்கவே பார்க்காது என்கிற வரியில் பேனா நின்றுவிட்டது. குடிகாரன் || மழை மணலில் வண்டி சறுக்கியது. குழந்தைக்கு ஏன் அடிபட்டது? குடிகாரன் கூட்டிக்கொண்டு போனான். தெரிந்துவிட்டது, முடிந்தது. அந்தப் பக்கம் மணலைப் போய் யார் பார்த்தார்கள்? அவன் சத்தியம் பண்ணினதை யார் காதில் வாங்கினார்கள்? அப்போதுதான் ஷைனி சொன்னது நினைவுக்கு வந்தது. மறந்துபோனது என்று சொல்ல முடியாது, எங்கேயோ கீழே அமுக்கி வைத்திருந்தது. தையல் பிரித்துவிட்டு ஆட்டோவில் வரும்போது, ‘மாமா மேல அன்னைக்கு நாத்தம் வரலம்மா’ என்றது பிள்ளை. ‘மிட்டாய் வாசனதான் வந்துச்சு.’ பேசாம வா, புண் வலிக்கும் என்று இவள் அதன் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். ஏன் கேட்கவில்லை? நாத்தம் வரலியாம்மா, நல்லாத் தெரியுமா என்று ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? கேட்டு, இல்லை என்று பிள்ளை உறுதியாகச் சொல்லியிருந்தால், அப்புறம் அவனைத் தேடிப் போக வேண்டியிருந்திருக்கும், சாலமோனிடம் சண்டை போட வேண்டியிருந்திருக்கும். அன்றைக்கும் இதே களைப்பு. ஆக இத்தனை காலமும் ஒரு குற்றமும் செய்யாதவன் லாரி செட்டில் கிடந்தானா? நனைந்துகொண்டு, முழங்கை கிழிந்து, சத்தியமாக் குடிக்கல என்று சொன்னவனைத் தாண்டி உள்ளே போனாளே. அவன் குடிக்கவில்லை. அன்றைக்குக் குடிக்கவே இல்லை. இதை எண்ண எண்ண ஒரு தெம்பு வந்தது. இதை வைத்துக்கொண்டு சாலமோனிடம் பேசலாம், நாமதான் அநியாயம் பண்ணிட்டோம்ங்க, பிள்ளையே சொல்லிச்சு என்று பேசலாம், அப்புறம் அவர் நிபந்தனை போட முடியாது. பேப்பருக்கு ஐந்து போட்டாள். போட்டுவிட்டு எழுந்தாள்.

சங்கரபாண்டியன் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ‘என்ன மேடம், கட்டு முடிஞ்சிட்டா?’ ‘இல்ல சார். போன் வேணும்.’ ‘டீ வரட்டுமே.’ ‘டீ வர்ற வரைக்கும் முடியாது சார்.’ ‘ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க.’ அவர் கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறார். மற்ற நாளாக இருந்தால் சரி சார் என்று திரும்பியிருப்பாள், சரி சார் என்பது அவள் நாக்கில் ஊறிப்போன சொல். இன்றைக்கு அது வரவில்லை. ‘என் தம்பி பஸ் ஸ்டாண்டுல நிக்கான் சார். குடியை விட்டுட்டு சென்டர்ல இருந்து வாரான். நான் போன் பண்ணலன்னா போயிருவான்’ என்றாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. முன் மேசையில் இருந்தவர்களின் பேனாக்கள் நின்றன. பின்னால் ஹாஜிராவின் நாற்காலி கிரீச்சிட்டது. சார் குனிந்து கவர்களைத் தள்ளித் தள்ளித் தேடி அவளுடையதை எடுத்து நீட்டினார். ‘வெளிய போய்ப் பேசுங்க. அவசரமில்ல.’ வராந்தாவில் வெயில் பாதிவரை ஏறியிருந்தது. செருப்பு மேசைக்கு அடியிலேயே கிடந்ததைத் தரை சுட்டபோதுதான் கவனித்தாள். நிழலுக்கு ஒதுங்கி நின்று கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள், இந்தத் தரம் அடிக்கிறதுக்குள்ளேயே எடுத்துவிட்டான். ‘யக்கா, பைக்குள்ள கெடந்துச்சு.’ ‘எங்கல இருக்கே?’ ‘புது பஸ் ஸ்டாண்டுலதான். வந்து கொஞ்ச நேரம் ஆச்சு. நீ பண்ணுவன்னு நிக்கேன்.’ தெளிவான குரல், காலையில் கேட்டதே. அவளுக்குக் கண் கரித்தது. ‘பென்னட், ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு, ஷைனியக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு, நீ குடிக்கலதான?’ அந்தப் பக்கம் பஸ் ஹாரன்கள், தென்காசி தென்காசி என்று யாரோ கூவுவது. ‘ஏன்க்கா இப்ப கேக்க?’ ‘சொல்லு. பாப்பா சொல்லிச்சு, உம்மேல நாத்தமே வரலன்னு. நான்தான் கேட்டுக்கிடல. நீ குடிக்கலன்னு சொன்னதையும் கேக்கல. எம்மேலதான் தப்பு.’ ‘இல்லக்கா.’ ‘என்ன இல்ல?’ ‘குடிச்சிருந்தேன்க்கா. நீ போன் பண்ணுததுக்குக் கொஞ்சம் முன்னாலதான். போற வழில இருமல் மிட்டாய் வாங்கி வாயில போட்டுக்கிட்டேன். பாப்பாவுக்கும் ஒண்ணு குடுத்தேன், எங்கிட்ட இருந்து வாசன தெரியக்கூடாதுன்னு. அவளும் சவச்சிக்கிட்டே வந்தா. உங்கிட்ட ஆஸ்பத்திரில பொய் சத்தியம் பண்ணினேன்.’

வராந்தாத் தூணில் அவள் கையை ஊன்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எவ்வளவு அழகாக எல்லாம் பொருந்தி வந்தது, சாலமோனிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் வரை தயாராக இருந்தன. அந்தத் தெம்பு காலுக்குக் கீழே இறங்கிப் போவது தெரிந்தது. மிட்டாயைச் சப்பிக்கொண்டு மாமன் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மழையில் வருகிற பிள்ளை. கோபம் வர வேண்டும், கோபத்துக்கும் ஒரு பலம் வேண்டுமே. ‘மணல் கெடந்தது நெசம்தான்க்கா’ என்றான் பென்னட், ‘ஆனா குடிக்காம இருந்தா பாத்திருப்பேன்.’ பிறகு, ‘நீ கேட்டதால சொன்னேன். கேக்காட்டியும் என்னைக்காவது சொல்லணும்னுதான் இருந்தேன். இனிமே பொய் சொல்ல முடியாதுக்கா, அலுத்துப்போச்சு’ என்றான். அலுத்துப்போச்சு. அந்தச் சொல்லை அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு அவன் வயதாகிப்போனவன் மாதிரித் தெரிந்தான். இவள் கேட்ட கேள்விக்கு ஆமா குடிக்கல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் அழுதுகொண்டே வீட்டுக்கு வா என்று கூப்பிட்டிருப்பாள், அது அவனுக்குத் தெரியாதா? கதவை இவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாளே. ‘வேலை ஏதாவது?’ என்று கேட்டாள், பதில் தெரிந்துகொண்டே. ‘இல்ல. இனிமேதான் பாக்கணும்.’ ‘ம்.’ ‘நான் வேணா தூத்துக்குடிக்கே போயிருதேன்க்கா. உனக்குச் சங்கடம் வேண்டாம்.’ ‘எங்கயும் போகாத’ என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது. ‘அங்கயே ஃபேனுக்குக் கீழ எடம் பாத்து உக்காரு. ஏதாவது சாப்பிடு. எனக்கு இன்னும் கட்டு இருக்கு, முடிச்சிட்டு நானே வாரேன், ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்.’ ‘அத்தான்?’ ‘அத நான் பாத்துக்கிடுதேன்.’ அவன் அழுகிறானோ என்னவோ, பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் தெரியவில்லை. ‘கேக்குதால?’ ‘கேக்கேன்க்கா.’

சாலமோனைக் கூப்பிட்டபோது கடையில் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். ‘என்ன, அங்கதான் போன் குடுக்க மாட்டாங்கள்லா?’ ‘பென்னட் வந்துட்டான்ங்க. பஸ் ஸ்டாண்டுல இருக்கான். நான் கூட்டிட்டு வாரேன்.’ சுத்தியல் நின்றது. ‘வேலை?’ ‘இல்ல.’ ‘குடி?’ ‘விட்டுட்டான். அன்னைக்கு பாப்பாவக் கூட்டிட்டு வந்தப்ப குடிச்சுதான் இருந்தானாம். இப்பத்தான் சொன்னான், அவனா சொன்னான்.’ அதை மறைத்திருக்கலாமே என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது. தோன்றியபோதும் வருத்தமாக இல்லை. அந்தப் பக்கம் அவர் கடைப் பையனிடமோ யாரிடமோ கொஞ்சம் இரு என்றார். நடந்து வெளியே வருவது தெரிந்தது. ‘கேட்டு முடிவு பண்ணுதியா, முடிவு பண்ணிட்டுக் கேக்கியா?’ ‘முடிவு பண்ணிட்டேன்ங்க.’ ஒரு லாரி கடந்து போகிற சத்தம், அது முழுதாகத் தேய்கிறவரை அவர் பேசவில்லை. பிள்ளைக்கு என்ன சொல்ல, ஊருக்கு என்ன சொல்ல, மறுபடி ஒரு நாள் ஏதாவது ஆகிப்போனால் என்ன சொல்ல, எல்லாம் அந்த அமைதிக்குள் இருந்தது. அவளிடம் ஒன்றுக்கும் பதில் கிடையாது, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் அவளுக்குத் தெம்பு இல்லை. ‘பாப்பாவைப் பைக்கில ஏத்தக்கூடாது’ என்றார் கடைசியில். ‘ஏத்த மாட்டான்.’ ‘முன் ரூம்ல அந்தத் தையல் மெஷின் கெடக்குல்லா, அது கெடந்தா அவன் எங்க படுப்பான்? எனக்குக் கடை அடைச்சு வர நேரமாகும், அத யாரு நகத்துறது?’ அவள் தூணில் நெற்றியை வைத்தாள். அது வெயிலில் சுட்டது, எடுக்கத் தோன்றவில்லை. ‘அவனும் நானும் நகத்திக்கிடுதோம்’ என்றாள்.